கசிவு யாருக்குச் சொந்தம்?

இரிகேஷன் பேப்பர் எழுதின எல்லா சிவில் பசங்களுக்கும் ஒரு கணக்கு மனப்பாடமாத் தெரியும். வாய்க்காலின் தலைப்பில் இவ்வளவு கன அடி விடுகிறோம், வயலுக்கு இவ்வளவு போய்ச் சேர்கிறது, நடுவில் காணாமல் போனது எவ்வளவு? விடைக்கு 'கடத்தல் இழப்பு' என்று பெயர். (மணல் கடத்தல் மாதிரி யாரோ ராத்திரி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவதும் கடத்தல்தான்.) அதில் ஆவியானது கொஞ்சம், மண்ணுக்குள் கசிந்தது மிச்சம் என்று பிரித்துக் காட்டினால் முழு மார்க். அடுத்து, "இழப்பைக் குறைக்கும் வழிகளைக் கூறுக" என்று ஒரு கேள்வி வரும். முதல் பாயிண்ட் எப்போதும் ஒன்றுதான்: வாய்க்காலுக்கு கான்கிரீட் போடு.

எனக்கு இந்தப் பாடத்தோடு ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. புத்தகம் 'இழப்பு' என்று எழுதுகிற அந்தத் தண்ணியில் விளைந்த கரும்பையும் மஞ்சளையும் விற்றுத்தான் எங்கம்மாவைப் படிக்க வைத்தார்கள். அதே 'இழப்பு' காரணமாக எங்கப்பாவின் காட்டுக்குப் பல வருசம் தண்ணி முழுசா வந்து சேரவில்லை. அம்மா ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். அப்பா ஊர் முத்தூர்ப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே வாய்க்கால், கீழ்பவானி.

கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சத்தியமங்கலம் பக்கத்தில் பவானி ஆற்றின் குறுக்கே இருக்கிறது பவானிசாகர் அணை. 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடித்தார்கள். நாட்டின் பெரிய மண் அணைகளில் ஒன்று, கரை நீளமே 8 கி.மீ.க்கு மேல். கொள்ளளவு 32.8 டி.எம்.சி. சுதந்திரப் போராட்டத் தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் விடாமல் கேட்டு வாங்கிய அணை என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். அங்கிருந்து புறப்படுகிற கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியாக 200 கி.மீ. ஓடுகிறது. ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர்.

எல்லா ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் தண்ணி விட முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் நெல்லுக்கு. மறு பாதிக்குத் தை மாசத்துக்கு மேல் கடலை, எள்ளு மாதிரி புன்செய்ப் பயிருக்கு, நனைப்பு நனைப்பாக. அடுத்த வருசம் இது மாறும். இன்றைக்கு 'ரிசோர்ஸ் ஷேரிங்' என்று பிபிடி போட்டுச் சொல்கிற விசயத்தை எங்க அப்பாரு "இந்த வருசம் நமக்கு நஞ்சை மொறை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போது நம்ம கால்குலேட்டரை எடுப்போம். வாய்க்காலின் அளவு விநாடிக்கு 2,300 கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 120 நாளுக்குப் பெருக்கினால் 23.85 டி.எம்.சி. வருகிறது. இதை 1,03,500 ஏக்கருக்குப் பரப்பினால் ஏக்கருக்கு 5.3 அடி உயரத் தண்ணி. ஒரு போகம் நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மி.மீ., அதாவது 4 அடி போதும் என்கிறது பாடம். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்துவிடும். ஆக, ஏக்கருக்கு ஓரடிக்கும் மேல் தண்ணி வழியில் எங்கேயோ போகிறது. ஓரடி என்று வைத்தாலே 4.5 டி.எம்.சி. இது தோராயமான கணக்குதான். வைவாவில் இதை வைத்து என்னை மடக்க வேண்டாம். ஆனால் 'இழப்பு' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய குளம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்ட இது போதும்.

அந்த ஓரடித் தண்ணி எங்கே போகிறது? கவுந்தப்பாடிக்கு வந்தால் காட்டுவேன். கீழ்பவானி மேட்டை ஒட்டி, நிலத்தின் வளைவுக்கு வளைந்து வளைந்து போகிற மண் வாய்க்கால். அதில் ஆவணி முதல் மார்கழி வரை தண்ணி ஓடும்போது கரையும் அடித்தளமும் மெல்லக் குடிக்கும். குடித்த தண்ணி கீழே சரிந்து, பாறைச் சந்துகளில் புகுந்து, பள்ளத்தில் ஊற்றாகக் கிளம்பும். எங்க அப்பிச்சியின் காடு அப்படி ஒரு பள்ளத்து ஓரத்தில் இருக்கிறது. ஆயக்கட்டுப் பதிவேட்டில் அந்தக் காட்டுக்கு இடம் கிடையாது. மதகு எண் கிடையாது, மொறை கிடையாது. ஆனால் வாய்க்காலில் தண்ணி விட்ட மூணாம் வாரம் கிணறு ஏற ஆரம்பிக்கும். தண்ணி நிறுத்தின பிறகும் சித்திரை வரைக்கும் தாங்கும். ஊர்க் குடிதண்ணிக் கிணறும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது.

முத்தூர்ப் பக்கம் வாருங்க, கதை வேற. அது கடைமடை. எங்கப்பாவின் காட்டுக்கு மதகு எண் உண்டு, மொறை உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. எல்லாம் உண்டு, தண்ணி வந்து சேர்வதுதான் சந்தேகம். அணையில் திறந்த தண்ணி பத்து, பதினைந்து நாள் கழித்து வரும். பாதி அளவில் வரும். நாற்று விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் மதகடியில் உட்கார்ந்திருப்பார். வாய்க்காலுக்கு வயசு எழுபது. சில வருசம் நடுவில் எங்கேயாவது கரை உடைந்து, பாசனமே நின்றுபோகும். உடைந்த இடத்தை அடைத்து மறுபடி தண்ணி வருவதற்குள் பயிர் வெளுத்துவிடும்.

இந்த நிலையில்தான் 2020-ல் வாய்க்காலை கான்கிரீட் கொண்டு சீரமைக்க ஏறத்தாழ 709 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அரசாணை வந்தது. அதன் பிறகு நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீங்க. வேண்டும் என்று ஒரு பக்கம் போராட்டம், வேண்டாம் என்று ஒரு பக்கம் உண்ணாவிரதம், நடுவில் உயர் நீதிமன்றம். டிவியில் இதை 'விவசாயிகள் எதிர்ப்பு' என்று ஒரே வரியில் போட்டார்கள். எதிர்த்தவர்களும் விவசாயிகள், கேட்டவர்களும் விவசாயிகள். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

போன வருசம் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்து வெத்தலை போடுகிற நேரம். வாய்க்கால் பேச்சு வந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்து அம்மா ஏற்கெனவே எழுந்து போய்விட்டார்.

"மச்சான், உங்க பக்கம் ஊறிப் போறது எங்க மொறைத் தண்ணிங்க. கந்தாயம் கட்டிப்போட்டு மதகடியில காத்துட்டு உக்காந்திருக்கறது நாங்க" என்றார் அப்பா.

மாமா வெத்தலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வாய்க்கா எங்கப்பன் காட்டு வழியாத்தானுங்க மாப்ள போகுது. வெட்டறப்ப காட்டக் குடுத்தது நாங்க. தண்ணி மட்டும் உங்களுதுங்களா?"

இதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. அவர் சொன்னதற்கு மாமாவிடமும் பதில் இல்லை. அப்பிச்சி என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, நீதான் அதயே படிக்கறயே. ஆரு சொல்றது செரி?"

"ரெண்டு பேரு சொல்றதுஞ் செரிதானுங்க அப்பிச்சி."

"இதச் சொல்றதுக்கா காலேசுக்கு இத்தன பணங் கட்டறாங்க?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் கேள்வி என்னோடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி வந்துவிட்டது.

வரும் வழியில் இன்னொரு விசயம் நினைவுக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்ட திட்டம், செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே ஓடுகிற உபரித் தண்ணியில் 1.5 டி.எம்.சி.யை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள். குளத்தில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீர் ஏற வேண்டும் என்பதுதான் முக்கிய நோக்கம். அன்னூர், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி பறந்த ஊர்களுக்கு இது பெரிய விசயம். குளத்தில் தண்ணி வந்த அன்றைக்கு அந்த மக்கள் பூத்தூவி வரவேற்றதில் எந்த மிகையும் இல்லை.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆறு ஒன்றுதான், பவானி. ஒரு திட்டத்தில் தண்ணியை மண்ணுக்குள் கசிய வைக்க ராட்சத மோட்டார் ஓட்டி கரண்ட் செலவு செய்கிறோம். அங்கே அதற்குப் பெயர் 'நிலத்தடி நீர் செறிவூட்டல்'. இன்னொரு திட்டத்தில் ஒரு யூனிட் கரண்ட் இல்லாமல் தானாகக் கசிகிற தண்ணியைத் தடுக்க கான்கிரீட் போடுகிறோம். இங்கே அதற்குப் பெயர் 'இழப்பு'. மண்ணுக்குள் இறங்குகிற செயல் ஒன்றேதான். ஒரு ஃபைலில் அது வரவு, இன்னொரு ஃபைலில் செலவு.

இரண்டு திட்டத்தில் எது தப்பு என்று கேட்கவில்லை. அவிநாசி மேட்டுக்கு வாய்க்கால் எட்டாது, மோட்டார்தான் வழி. முத்தூருக்குக் கிடைக்க வேண்டிய பங்கு கிடைக்கத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது, 'இழப்பு' என்பது தண்ணியின் குணம் அல்ல, கணக்கு எழுதுகிறவர் எங்கே கோடு போட்டார் என்பதைப் பொறுத்தது. வாய்க்காலின் இரண்டு கரைகளை எல்லையாக வைத்தால் கரையைத் தாண்டினதெல்லாம் இழப்பு. எல்லையைப் பள்ளம் வரைக்கும், கிணறு வரைக்கும், பள்ளத்துத் தண்ணி போய்ச் சேருகிற ஆறு வரைக்கும் தள்ளி வைத்தால் அதே தண்ணி வேறொரு பக்கத்தில் வரவாக நிற்கும். தெர்மோவில் 'சிஸ்டம் பவுண்டரி' என்று முதல் வாரமே சொல்லித் தருகிறார்களே, அதேதான்.

இதை ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஒருவர் சொல்லிவிட்டார். கொழும்பில் இருந்த பன்னாட்டு நீர்ப்பாசன மேலாண்மை நிறுவனத்தின் தலைவராக இருந்த டேவிட் செக்லர் 1996-ல் எழுதிய கட்டுரையில், தண்ணி சேமிப்பை 'ஈரமான சேமிப்பு', 'காய்ந்த சேமிப்பு' என்று இரண்டாகப் பிரித்தார். கடலுக்கோ, உப்பு நிலத்துக்கோ, ஆவியாகி வானத்துக்கோ போக இருந்த தண்ணியைப் பிடித்தால் அது ஈரமான சேமிப்பு, நிஜமாகவே புதுத் தண்ணி கிடைக்கிறது. கீழே ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் தண்ணியை மேலே பிடித்துவிட்டு "சேமித்தோம்" என்று சொன்னால் அது காய்ந்த சேமிப்பு. பேப்பரில் மட்டும் சேமிப்பு. ஒருவர் பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் பாக்கெட்டில் போட்டுவிட்டு, வீட்டில் பணம் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி 'ஆல் அமெரிக்கன் கால்வாய்' என்று ஒன்று ஓடுகிறது. அதுவும் மண் வாய்க்கால். அதன் கசிவில் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகாலி விவசாயிகளின் கிணறுகள் பல பத்தாண்டு ஊறின. 23 மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்டு, மிச்சமாகும் தண்ணியை சான் டியாகோ பக்கம் கொண்டு போவதாகத் திட்டம். மெக்சிகோ பக்கத்தினர் 2005-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2006 கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு வேலைக்கு வழி விட்டது. 2009-ல் வேலை முடிந்தது. வருசத்துக்கு 67,700 ஏக்கர்-அடி சேமிப்பு, நம்ம கணக்கில் ஏறத்தாழ 3 டி.எம்.சி. சான் டியாகோவுக்கு அது ஈரமான தண்ணி. எல்லைக்கு அந்தப் பக்கம் கிணற்று மேட்டில் நிற்பவருக்கு?

அங்கே நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருந்தது. அந்தப் பக்கத்து விவசாயிக்கு இந்தப் பக்கம் ஓட்டு இல்லை என்பதால் விசயம் சுலபமாக முடிந்தது. நமக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் இங்கேயும் ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை உண்டு.

தமிழ்நாட்டில் 2000-ல் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு, தேர்தலும் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உறுப்பினர் ஆக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். எங்கப்பாவுக்கு ஓட்டு உண்டு. எங்க மாமாவுக்குக் கிடையாது. அதே பள்ளத்தில் மஞ்சள் வெட்டவும் கரும்பு வெட்டவும் போய்ப் பிழைக்கிற, சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பங்களுக்கும் கிடையாது. குடிதண்ணிக் கிணற்றை நம்பியிருக்கிற ஊருக்கும் கிடையாது. தண்ணி இவர்கள் எல்லாரிடமும் போகிறது, பதிவேடு போவதில்லை. அதனால்தான் இந்த மக்கள் பேச வேண்டும் என்றால் ரோட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் நாற்காலி இல்லாதவருக்கு ரோடுதானே மிச்சம்.

கணக்கில் வராத ஒன்று என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பக்கமே ஒரு சாட்சி நிற்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் ஆற்றில், ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். எவ்வளவு தண்ணி வரும் என்று கணக்குப் போட்டார்கள். என்ன தண்ணி வரும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகின. அணையில் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கு என்று கட்டின அணையைத் திறக்காதே என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. சுற்றிலும் கிணறுகள் கெட்டன. அங்கேயும் கசிவுதான், ஆனால் விசமாக. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடுகிற அளவுக்கு விசயம் போனது. கட்டுமானத்தில் எந்தக் குறையும் இல்லை. ஸ்ட்ரெங்த் டெஸ்ட் எல்லாம் பாஸ்தான். விட்டுப்போனது ஒரு காலம் மட்டும். (தூண் இல்லைங்க, எக்ஸெலில் வருகிற காலம்.)

இதற்கு எதிர் உதாரணமும் அதே பவானியில் உண்டு. காலிங்கராயன் வாய்க்கால், 13-ம் நூற்றாண்டில் வெட்டினது. 90 கி.மீ. நீளம், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். எழுநூறு வருசத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. அதைப் பார்த்து "அந்தக் காலத்து மக்கள் மேதைகள்" என்று ஸ்டேட்டஸ் போடுவது சுலபம். ஆனால் அது நின்றது வெட்டின நேர்த்தியால் மட்டும் அல்ல. வருசா வருசம் தூர் வாரவும், கரை கட்டவும், யாருக்கு எப்போது தண்ணி என்று தீர்க்கவும் ஆள் இருந்ததால்தான். ஒரு வாய்க்காலுக்கு ஆயுள் கொடுப்பது கல்லும் காரையும் பாதி, அதைச் சுற்றி இருக்கிற ஏற்பாடு பாதி. 'சஸ்டெய்னபிலிட்டி' என்று பெரிய பெயர் வைத்து நாம் பேசுவதில் இந்தப் பின்பாதிக்கு எந்த செமஸ்டரிலும் பேப்பர் கிடையாது.

இதை நம்ம கேம்பஸிலேயே பார்க்கலாம். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்டது. நம்ம பிளாக்குகளிலும் மொட்டை மாடியிலிருந்து பைப் இறங்குகிறது. ஆனால் நடைபாதை, பார்க்கிங், மரத்தடி என்று மண் தெரிந்த இடத்தில் எல்லாம் பேவர் பிளாக். மழை பெய்தால் தண்ணி வழுக்கிக்கொண்டு கேட் வழியாக ரோட்டுக்கு ஓடுகிறது. பங்குனி மாசத்தில் ஹாஸ்டலுக்கு லாரித் தண்ணி வருகிறது. போன மழையில் மண்ணுக்குள் இறங்காமல் கேட் வழியாகப் போன தண்ணியையும், இப்போது லாரியில் வருகிற தண்ணியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் யாராவது உண்டா? பேவர் பிளாக் ஒரு பில், லாரி இன்னொரு பில். இரண்டும் வேறு வேறு மேஜையில் கையெழுத்தாகின்றன.

சரி, அப்பிச்சியின் கேள்விக்கு வருவோம். யார் சொல்வது சரி?

இப்போது கேட்டால் நான் மூன்று விசயம் சொல்வேன். முதலாவது, கான்கிரீட் பாவமும் இல்லை, வரமும் இல்லை. கரை பலவீனமாகி உடைகிற இடம், மதகு, பாலம், கசிகிற தண்ணி யாருக்கும் பயன்படாமல் நிலத்தை உவராக்குகிற இடம், இங்கெல்லாம் தாராளமாகப் போடலாம், போட வேண்டும். கரை உடைந்தால் நஷ்டம் முத்தூருக்கும்தான், கவுந்தப்பாடிக்கும்தான். 200 கி.மீ.யையும் ஒரே மருந்தால் குணப்படுத்த நினைப்பதுதான் சிக்கல். எந்த கி.மீ.யில் கசிவது எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று தெரியாமல் அடைப்பது, எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப்போடுகிற மாதிரி.

இரண்டாவது, கசிவுத் தண்ணியும் இலவசம் இல்லை. வாய்க்கால் தண்ணி சாய்மானத்தில் தானாக வயலுக்குப் போகிறது. கிணற்றுத் தண்ணியை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருப்பதால் அந்தச் செலவு எங்க மாமா கண்ணுக்குத் தெரிவதில்லை, அரசாங்கத்தின் கணக்கில் தெரிகிறது. அந்த மின்சாரம் சும்மா வந்ததும் இல்லை. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் செத்தார்கள். அதன் பிறகு நாராயணசாமி நாயுடு தலைமையில் இதே கோயம்புத்தூரில் மாட்டுவண்டிகளை ரோட்டில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அப்படிக் கிடைத்த கரண்டில் அஞ்சு எச்.பி. மோட்டாரை ராத்திரி பகலாக ஓட்டினால் பக்கத்துக் கிணறு வற்றும். கசிவுக்கு உரிமை கேட்கிறவர் கசிவுக்கு அளவும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதை மாமாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை கம்மி.

மூன்றாவது, கடைமடைக்குத் தண்ணி குறைவதற்குக் கசிவு மட்டும் காரணமா என்று பார்க்க வேண்டும். வழியில் வாய்க்காலில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது, கிளை வாய்க்கால் தூர்ந்து போனது, மதகு ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது, இதெல்லாம் மண் வாய்க்காலின் குற்றம் இல்லை. கான்கிரீட் போட்ட பிறகும் இவை அப்படியே இருந்தால் எங்கப்பா கான்கிரீட் மதகடியில் உட்கார்ந்து காத்திருப்பார். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "அதுஞ் செரிதான், ஆனா மொதல்ல எதையாச்சும் ஒன்னச் செய்யச் சொல்லு" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆராய்ந்துகொண்டே இருப்பது மேட்டில் இருப்பவருக்குக் கட்டும், கடைமடைக்குக் கட்டாது.

அதனால் நானும் மாமா பையனும் ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறோம். அவன் ஒரு நோட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிணற்று நீர்மட்டத்தை எழுதுகிறான். கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்குவதுதான் கருவி. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். முத்தூரில் எங்கப்பா இன்னொரு நோட்டில், அணை திறந்து எத்தனாவது நாள் தண்ணி வந்தது, மதகில் எத்தனை இஞ்ச் நின்றது, எப்போது நின்றது என்று எழுதுகிறார். இரண்டையும் ஒரே கிராஃபில் போடுவது என் வேலை. ஒரு கிணறு, ஒரு மதகு. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. போன மாசம் அப்பா மாமாவுக்கு போன் போட்டு, "உங்க கெணத்துல எத்தன முடிச்சு எறங்குதுங்க மச்சான்?" என்று கேட்டார். வாய்க்காலைப் பற்றி அவர்கள் சண்டை இல்லாமல் பேசினதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நம்ம காலேஜில் கோபி, பவானி, பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம், கொடுமுடி, கரூர் பக்கத்திலிருந்து வந்தவங்க ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேராவது இருப்பீங்க. உங்க வீட்டுக் காடு ஆயக்கட்டிலா, கசிவிலா, கடைமடையிலா என்று இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணிக் கேளுங்க. ஒரு கயிறு, ஒரு கல்லு, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆகஸ்ட் 15-க்குத் தண்ணி திறப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முதல் வரியை எழுதிவிடுங்க. ஐம்பது நோட்டு சேர்ந்தால் ஃபைனல் இயர் பிராஜெக்ட் ஆகும். ஐந்நூறு சேர்ந்தால், அடுத்த தடவை எந்தக் கூட்டத்திலாவது 'இழப்பு' என்று ஒருவர் சொல்லும்போது, "எந்தக் கிணற்றுக்குங்க?" என்று கேட்க நம்ம கையில் தாள் இருக்கும்.